மூன்று ஓலையும் ஒரு நெட்பால் ஆட்டமும்

கிருபாபாய் தூத்துக்குடிக்குத் தையல் சொல்லிக்கொடுக்கத்தான் வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருடம் ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, நாசரேத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். கடற்கரைத் தெருக்களை ஒட்டியிருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் அவளுக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. ஆகஸ்ட் மாதத்தோடு முடியும். அதன்பிறகு நிரந்தரமாகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகாது என்றும் சொல்லவில்லை. ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். நாசரேத்தில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணன் சாது. மதினி சாது அல்ல. அம்மா இறந்த நாளிலிருந்து டீச்சர் ட்ரெயினிங்குக்குத் தப்பி ஓடிய நாள்வரை கிருபாபாய் அந்த வீட்டின் விறகு அடுப்பு முன்னால்தான் இருந்தாள். தூத்துக்குடிக்குப் புறப்பட்டபோது மதினி வாசல்வரை வந்து, "போயிட்டு வா. அடுப்படிய அப்படியே போட்டு வச்சிருக்கேன்" என்றாள். கேட்டவர்களுக்கு அது அன்பாகத்தான் பட்டது.

ஜூலை மாதம் பெரிய டீச்சர் ஜீவமணி அம்மாள் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அது நெட்பால் விளையாட்டின் விதிகள். இங்கிலீஷில் இருந்தது. மூலையில் ஏதோ எண்ணெய் பட்டிருந்தது.

"இன்ஸ்பெக்டரம்மா உத்தரவு. ஒவ்வொரு பள்ளியும் சின்னப் பிள்ளைகள் டீம் ஒண்ணு வைக்கணும். ஆகஸ்ட் பதினேழாம் தேதி சனிக்கிழமை பக்கத்துப் பேட்டைப் பள்ளியோட மேட்ச். அந்தம்மாவே பார்க்க வராங்க."

"நான் தையல் டீச்சர்லா அம்மா?"

"தெரியும். ஜெயிச்சா உனக்கு நிரந்தரத்துக்கு எழுதச் சொல்லுவேன். தோத்தா, டிரில் தெரிஞ்ச ஆளா ஒருத்தரைப் பார்த்துக்கச் சொல்லிருவாங்க. என்னால தடுக்க முடியாது."

கிருபாபாய் நெட்பாலைக் கண்ணால் கண்டவள் அல்ல. தாளைப் படித்ததில் இவ்வளவு விளங்கியது: ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், அவரவருக்கு ஓர் எல்லை, எல்லையைத் தாண்டக் கூடாது, பந்தைப் பிடித்தால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்து அடுத்தவளுக்கு வீச வேண்டும், கடைசியில் நிற்பவள் கம்பத்து வளையத்துக்குள் போட வேண்டும். தாளின் அடியில், ஏழு பேரும் மார்பில் எழுத்துப் பொறித்த மேல்சட்டை அணிய வேண்டும் என்று இருந்தது. அந்த ஒரு வரி முழுக்க விளங்கியதால் முதல் வாரத்தை அதற்கே ஒதுக்கினாள். ஏழு சட்டைகள் தைத்து, எழுத்துகளைச் சங்கிலித் தையலில் போட்டாள். அவ்வளவு அழகான சட்டைகளை ஜில்லாவிலேயே எந்த டீமும் அணிந்திருக்காது. பிள்ளைகளுக்குத்தான் பந்து வீசத் தெரியவில்லை.

பிறகு பயிற்சிக்குத் திட்டம் போட்டாள். தையல் பாடத்திட்டத்தைத் தவிர வேறு திட்டம் எதுவும் அவள் அறிந்ததில்லை. ஆகவே முதல் வாரம் நேர்த்தையல், அடுத்த வாரம் கெட்டித்தையல் என்று இருந்த வரிசையில் முதல் வாரம் நேர் வீச்சு, அடுத்த வாரம் கெட்டி வீச்சு என்று மாற்றினாள். கெட்டி வீச்சு என்றால் என்ன என்பதை அந்த வாரம் வரும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மைதானம் என்பது பள்ளிக்குப் பின்னால் இருந்த மணல். பனங்கம்பம் இரண்டை நட்டு, பீப்பாய் இரும்பு வளையத்தை அதில் அடித்திருந்தார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்கள், தோணி விடுகிறவர்கள் வீட்டிலிருந்து வருகிறவர்கள். நடுவில் நின்றவள் ஹில்டா. இஞ்ஞாசி என்ற சங்கு குளிப்பவரின் மகள்; பந்து அவள் கைக்கு வந்தால் தவறாது. வளையத்தடியில் நின்றவள் கிரேசி. அந்த வருடம்தான் மணப்பாட்டிலிருந்து குடிவந்த குடும்பம். பிள்ளை பனங்கன்று போல வளர்ந்திருந்தது. எட்டிப் போட்டால் வளையத்தில் விழும். அவளை விட்டால் வேறு யார் போட்டாலும் கம்பத்தைத்தான் அடித்தது.

முதல் நாள் பந்து ஹில்டாவிடம் வந்தது. கிரேசி தன்னந்தனியாக நின்று இரண்டு கையையும் நீட்டி, "இங்கன போடு, இங்கன போடு" என்று கத்தினாள். ஹில்டா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, பின்னால் காவலில் நின்ற பிள்ளைக்குப் பந்தை வீசினாள். மறுபடியும் பந்து வந்தது. மறுபடியும் பின்னால் வீசினாள்.

"ஏளா ஹில்டா, முன்னால ஒருத்தி தொண்ட கிழியக் கத்துதாளே, கண்ணு தெரியலையா?"

"தெரியுது டீச்சர்."

"பின்ன ஏன் போடல?"

"அவ எனக்கு என்ன வேணும் டீச்சர்?"

கிருபாபாய்க்கு விளங்கவில்லை. ஹில்டா பொறுமையாக விளக்கினாள். சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். தங்கச்சி தாலி அறுந்துபோகுமே என்று மச்சான் கயிற்றை விடமாட்டான்.

"கூடப்பிறந்தவன் கையில குடுக்கமாட்டாவளா?"

"அவனுக்கென்ன டீச்சர், நாம மேல வரலைன்னா பங்குதான கூடும்? எங்கய்யா இதுவரைக்கும் மச்சான தவிர ஒருத்தர் கையிலயும் கயித்தக் குடுத்தது கிடையாது. ஆம்பளைக்கு மச்சான்னா எங்களுக்கு மைனி. நாங்க மைனிக்குத்தான் போடுவோம். அவ விடமாட்டா."

"இது பந்துளா. நீ ஒண்ணும் கடலுக்குள்ள இறங்கல."

"கையில உள்ளத நம்பித்தான டீச்சர் குடுக்கோம்?" என்றாள் ஹில்டா. மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். கிரேசிகூடத் தலையாட்டினாள்.

மைனி, அதாவது மதினி, என்றால் கையை விடமாட்டாள் என்று நம்புகிற ஏழு பிள்ளைகளையும் அவள் ஒரு முறை பார்த்தாள். தனக்கும் ஒரு மதினி உண்டு என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

திட்டி, கெஞ்சி, முழங்காலில் நிற்கவைத்துப் பார்த்தாள். முழங்காலில் நின்றபடியே பந்தை மைனிக்குத்தான் போட்டார்கள். ஆகவே கிருபாபாய் பயிற்சித் திட்டத்தை மாற்றினாள். வீச்சை விட்டுவிட்டு முறையை எடுத்துக்கொண்டாள். அறைத் தரையில் ஏழு சட்டைகளையும் விரித்துப்போட்டு, யாருக்கு யார் மைனி, யாருக்கு யார் தங்கச்சி என்று கேட்டு இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அக்கா தங்கச்சி முறையுள்ளவர்கள் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. அப்படியும் இப்படியும் நகர்த்தியதில், பின்காவலிலிருந்து ஹில்டாவரைக்கும் சங்கிலி அறுபடாமல் வந்தது. ஹில்டாவுக்கும் கிரேசிக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. மணப்பாட்டுக் குடும்பத்துக்கு இந்தத் தெருவில் முறையென்று ஒருத்தரும் கிடையாது.

பிள்ளைகளுக்குத் தெரியாத தூரத்து முறை ஏதாவது இருக்கலாம் என்ற நம்பிக்கையில் அவள் கிரேசி வீட்டுக்குப் போனாள். அப்போது பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. தெருவெல்லாம் ஒரே கூட்டம். கிரேசியின் அம்மா ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள்.

"உங்களுக்கு இஞ்ஞாசி அண்ணாச்சி வீட்டோட ஏதாவது முறை உண்டுமா?"

"எந்த இஞ்ஞாசி? சங்கு குளிக்கிறவரா?"

"ஆமா. செபாஸ்டின்னு மூத்த பையன்கூட ஒருத்தன் இருக்கான்லா, அந்த வீடு."

"முறை ஒண்ணும் கிடையாதே டீச்சர். ஏன் கேக்கிய?"

"இருந்தா நல்லாயிருக்குமேன்னு நினைச்சேன்."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. உள்ளே இருந்தது கலியாண வயதிலிருந்த கிரேசியின் அக்கா அல்போன்சா. கிரேசியின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்தாள்.

"பையன் குடிப்பானா?"

"யாரு, செபாஸ்டினா? எனக்குத் தெரிஞ்சு கிடையாது" என்றாள் கிருபாபாய். அது உண்மைதான். அவள் செபாஸ்டினைப் பார்த்ததே இல்லை.

அங்கிருந்து இஞ்ஞாசி வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டாள். ஆழத்தில் மூழ்கி மூழ்கிக் காது மந்தமான மனிதர் அவர். எதிரே இருப்பவருக்கும் காது கேட்காது என்ற எண்ணத்தில் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"மணப்பாட்டு வீட்டுப் பிள்ளையா? ஆளு எப்படி?"

"நல்ல உயரம் அண்ணாச்சி. கைய நீட்டினா வளையத்தத் தொட்டுருவா."

"வளையத்தையா?"

"ஆமா. அதுக்காகத்தான் அவ நமக்கு வேணும்."

மருமகளாக வருகிறவள் எந்த வளையத்தைத் தொட வேண்டும் என்று இஞ்ஞாசி கொஞ்சம் யோசித்தார். படித்த பொம்பளை சொல்லுகிறாள், காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். "நமக்கு வேணும்னு டீச்சரே சொல்லிட்டாவ" என்று அவர் மனைவியிடம் சொன்னது தெருக்கோடிவரை கேட்டது.

திருவிழா முடிவதற்குள் இரண்டு வீட்டாரும் கோயில் வாசலில் சந்தித்துப் பேசிவிட்டார்கள். எந்த வீட்டிலிருந்தாவது ஆள் வராதா என்று இரண்டு பக்கமும் ரொம்ப நாளாகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் கிரேசி கல்கண்டுப் பொட்டலத்தோடு வகுப்புக்கு வந்து, "எங்கக்காவுக்கும் ஹில்டா அண்ணனுக்கும் கலியாணம் டீச்சர். நீங்க பேசி முடிச்சதாம்லா" என்றாள்.

"நான் எப்பளா பேசினேன்?" கிருபாபாய் கல்கண்டை வாயில் போடாமல் மேஜையில் வைத்தாள். இரண்டு குடும்பத்தின் வாழ்க்கையை ஒரு பந்துக்காகக் கோர்த்துவிட்டோமே என்று அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சாயங்காலம் மைதானத்துக்கு வந்தபோது வேறொரு எண்ணமும் கூடவே வந்தது. அவள் ஹில்டாவைத் தனியே கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் அவ அக்காவக் கட்டினா, கிரேசி உனக்கு மைனிதான?"

"ஆமா டீச்சர்."

"அப்ப இனிமே அவளுக்குப் போடுவதான?"

ஹில்டா யோசித்தாள். "பேச்சுதான டீச்சர் முடிஞ்சிருக்கு? ஓலை வாசிக்கலையே."

கத்தோலிக்கர் கலியாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார். மூன்றும் முடிந்தால்தான் உறவு உறவு. கிருபாபாய் விரல் மடக்கிப் பார்த்தாள். முதல் ஓலை ஆகஸ்ட் நாலாம் தேதி. இரண்டாவது பதினொன்று. மூன்றாவது பதினெட்டு. மேட்ச் பதினேழு.

முதல் ஓலை வாசித்த அந்த வாரமே ஹில்டா கிரேசியை நோக்கிப் பந்தை வீசினாள். அது கிரேசியின் காலடியில் விழுந்தது. இரண்டாவது ஓலைக்குப் பிறகு இடுப்பு உயரத்துக்கு வந்தது. "உன் பயிற்சியில நல்ல முன்னேற்றம் தெரியுது" என்றார் ஜன்னல் வழியே பார்த்த ஜீவமணி அம்மாள். அதற்கு மேல் பந்து உயரவில்லை. இடுப்பளவு பந்தைக் குனிந்து எடுப்பதற்குள் யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். "இன்னும் ஒரு ஓலை இருக்கு டீச்சர்" என்றாள் ஹில்டா. அவளிடம் பிடிவாதம் இல்லை. ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானம் மட்டும் இருந்தது.

கிருபாபாய் சாமியாரைப் பார்க்கப் போனாள். வேதக்காரிதான் என்றாலும் அவள் புராட்டஸ்டண்ட்; அவருடைய கோயிலைச் சேர்ந்தவள் அல்ல. அவர் மரியாதையாக நாற்காலி காட்டினார்.

"சாமி, செபாஸ்டின் கலியாணத்துக்கு மூணாவது ஓலைய முன்னாலயே வாசிக்க முடியுமா?"

சாமியாரின் முகம் மாறியது. "ஏன், அவ்வளவு அவசரம் என்ன வந்தது?"

"சனிக்கிழமைக்குள்ள ரெண்டு வீடும் முறையாகணும் சாமி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, மறைக்காம சொல்லுங்க. பிள்ளை எதுவும் தப்பா..."

"ஐயையோ, அதெல்லாம் இல்ல சாமி. சனிக்கிழமை நெட்பால் இருக்கு."

சாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அதன்பிறகு அவளை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் கயிறு, மச்சான், வளையம், இன்ஸ்பெக்டரம்மா, நாசரேத் அடுப்படி என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஞாயிறு மாதிரி எல்லாரும் பூசைக்கு வந்தாக வேண்டிய கடன் திருநாளிலும் ஓலை வாசிக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கு" என்றார் கடைசியில். "பதினஞ்சாம் தேதி வியாழக்கிழமை பரலோக மாதா திருநாள். அன்னைக்கு வாசிச்சிருதேன். ஆனா இந்தக் காரணத்த யார்கிட்டயும் சொல்லிராதிய. அப்புறம் ஆளாளுக்குக் கால்பந்துக்கும் ஓலை கேட்டு வந்து நிப்பான்."

பதினைந்தாம் தேதி பூசையின்போது கிருபாபாய் கோயில் வாசலுக்கு வெளியே நின்றாள். ஓலை வாசித்து, "தடை உண்டென்று அறிந்தவர்கள்" என்று சாமியார் நிறுத்தியபோது பின்வரிசையில் ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கிழவர் செருமி முடித்து, வெளியே வந்து துப்பிவிட்டு, உள்ளே போய் முழங்காலிட்டார். அவ்வளவுதான். அன்று மாலை ஹில்டாவின் கையிலிருந்து புறப்பட்ட பந்து கிரேசியின் நீட்டிய கைகளுக்குள் நேராகப் போய் உட்கார்ந்தது. கிரேசி போட்டாள். விழுந்தது. மறுபடி, மறுபடி விழுந்தது. கிருபாபாய் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. இன்ஸ்பெக்டரம்மா குடை, நாற்காலி சகிதம் வந்திருந்தார். ஆட்டத்தை நடத்த ஆண்கள் பள்ளி டிரில் மாஸ்டர் மந்திரமூர்த்தி விசிலோடு நின்றார். இவர்களோடு, யாரும் அழைக்காமல், நாசரேத்திலிருந்து கிருபாபாயின் அண்ணனும் வந்திருந்தார். வாசலில் ஒரு மாட்டுவண்டியை அமர்த்தி நிறுத்தியிருந்தார்.

"நீ மேட்சப் பத்தி எழுதினத வாசிச்சிட்டு, இன்னைக்கு உனக்கு வேலை போயிரும், கையோட கூட்டிட்டு வாங்கன்னு உங்க மதினி அனுப்பிட்டா" என்றார் குற்றவாளி போல. "பெட்டிய எப்ப ஏத்தலாம்?"

"ஆட்டம் முடியட்டும் அண்ணே" என்றாள் அவள்.

விசில் ஊதியது. பின்காவலிலிருந்து பந்து மைனிக்கு மைனி தாண்டி வந்து ஹில்டா கையில் விழுந்தது. ஹில்டா வீசினாள். கிரேசி எட்டிப் பிடித்து, எட்டிப் போட்டாள். வளையம். எதிரணிக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. ஜீவமணி அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். பக்கவாட்டில் நின்ற இஞ்ஞாசி, "ஏ மருமவளுக்குத் தங்கச்சி!" என்று இரைந்தது கடலில் நின்ற தோணிகளுக்கே கேட்டிருக்கும்.

பந்து மறுபடியும் நடுவுக்கு வந்தது. இப்போது ஹில்டாவுக்கு எதிரே வந்து கையை விரித்து மறித்தவள் எதிரணியின் நடு ஆட்டக்காரி. அவளை ஹில்டா அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள்.

"மைனி, நீயா!" என்றாள். பந்தை அவளிடம் கொடுத்தாள்.

பேட்டைப் பள்ளியில் படித்தவர்களும் அதே கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகள்தான். அந்தப் பெண் ஹில்டாவின் தாய்மாமன் மகள். ஓலை வாசித்து வந்த உறவல்ல; பிறந்ததிலிருந்து உள்ள உறவு. அவள் பந்தைப் பிடித்துக்கொண்டு திணறினாள். தன் பக்கத்தில் முறையுள்ளவள் யாரும் கண்ணில் படாததால், கிருபாபாயின் பின்காவல் பிள்ளைக்கு வீசினாள். அவள் எதிரணி வளையத்தடியில் நின்ற ஒருத்திக்குக் கொடுத்தாள். அதன் பிறகு பந்துக்குப் பக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. எல்லோரும் எல்லோருக்கும், மிகுந்த மரியாதையோடு, தப்பாமல் வீசினார்கள். யாரும் தட்டிப் பறிக்கவில்லை. மைனி கையிலிருப்பதை எப்படிப் பறிப்பது? வளையத்தை எல்லோரும் மறந்தே போனார்கள். கிரேசி மட்டும், இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் மைனி என்பதால், கம்பத்தடியில் கையை நீட்டியபடியே நின்றாள். மந்திரமூர்த்தி விசிலை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஊதுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. இன்ஸ்பெக்டரம்மா ஹில்டாவைக் கூப்பிட்டார்.

"எதிரிக்கு ஏன் பந்தைக் கொடுத்தே?"

"எதிரியா? எங்க மாமா மகள்லா!"

இன்ஸ்பெக்டரம்மா திரும்பிக் கிருபாபாயைப் பார்த்தார். "நீங்க என்ன பயிற்சி கொடுத்தீங்க?"

அண்ணன் வாசலில் வண்டிக்காரனை எழுப்புவது தெரிந்தது. கிருபாபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க பிள்ளைங்க ஏழு பேருக்கும் சரியாத் திட்டம் போட்டேன் அம்மா. எதிர்ல வர்ற ஏழு பேரு இவளுகளுக்கு என்ன வேணும்னு விசாரிக்க மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"வெட்கக்கேடு" என்றார் ஜீவமணி அம்மாள். "இத ஒரு ஆட்டம்னு..."

இன்ஸ்பெக்டரம்மா கையமர்த்தி, மந்திரமூர்த்தியைக் கேட்டார். "கணக்கு என்ன?"

"ஒண்ணுக்கு சைபர் அம்மா. இந்தப் பள்ளிதான் ஜெயிச்சிருக்கு."

"விதிமீறல்?"

மந்திரமூர்த்தி விசிலைத் துடைத்தபடி, "ஒண்ணுகூட இல்ல அம்மா. தள்ளல, கிள்ளல, முடியப் பிடிக்கல. போன மாசம் வேற ஊர்ல ஒரு மேட்ச் நடத்தினேன். அதுல பட்ட காயம் இன்னும் ஆறல" என்று முழங்கையைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மாவும் அந்த மேட்சைப் பார்த்தவர்தான். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஜெயிச்சா நிரந்தரம்னு சொன்னீங்களா?" என்று ஜீவமணி அம்மாளைக் கேட்டார். சொன்னது சொன்னதுதான் என்று அந்த அம்மாளும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கேயே, குடைநிழலில், தாள் பறக்காமல் மந்திரமூர்த்தி மூலையைப் பிடித்துக்கொள்ள, கையெழுத்து ஆயிற்று. தையல், மற்றும் விளையாட்டு, என்று இருந்தது. பேனாவை மூடும்போது, "அடுத்த வருஷம் ரெண்டாவது கோலும் போடச் சொல்லுங்க" என்றார்.

கிருபாபாய் வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, நான் வரல. நிரந்தரமாயிட்டு."

அண்ணன் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "நல்லதுளா, நல்லது. ஆனா வெறும் வண்டியோட போய் நின்னா உங்க மதினிகிட்ட நான் என்ன சொல்ல?"

"அடுப்படிக்கு வேற ஆளு பாக்கச் சொல்லுங்க."

"நானா? நான் சொல்லவா?"

அதற்குள் இஞ்ஞாசி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "டீச்சர் அண்ணாச்சியா? வண்டி சும்மாதான நிக்கி?" என்று கத்தினார். புதன்கிழமை கலியாணம்; பாத்திரங்கள் எல்லாம் பேட்டையில் மச்சான் வீட்டில் கிடந்தன, அவற்றை ஏற்றிவர ஆளில்லை. அண்ணனுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி பேட்டைக்குப் போய், நிறைந்து திரும்பியது. நாசரேத்துக் கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் நடுவில் உட்கார்ந்து, மடியில் இருந்த பிரியாணி அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். புதன்கிழமை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இஞ்ஞாசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதைக் கிருபாபாயிடம் சொன்னபோது, அண்டாவுக்கு மேலே தெரிந்த அவர் முகம் பல வருடங்களுக்குப் பிறகு லீவு கிடைத்தவர் முகம் போல இருந்தது.